காத்து ரூம்

நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நாலு மணிக்கு வந்துவிடுவாள், ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள், நேரம் தவறமாட்டாள், இப்போது மூன்று பத்து. ஜவ்வரிசி மட்டும் பாக்கி. ஜவ்வரிசியும் அந்தச் சுவரும். சுவரைப் பற்றி இப்போது வேண்டாம், முதலில் ஜவ்வரிசி. இடுக்கியால் எடுத்து, அடியில் ஊசிமுனை அளவு பசை தொட்டு, பெட்ரோல் பம்ப்பின் தலையில் நேராக உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான், நேற்று இதே மாதிரி ஒன்றை ஒரே மூச்சில் வைத்தேன், இன்று மூன்றாவது முறையாகக் கீழே விழுகிறது. அந்தக் காலத்துப் பம்ப்புகளின் உச்சியில் பால்நிறத்தில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும், உள்ளே பல்ப் எரியும், தூரத்தில் வருகிற லாரிக்காரன் அதைப் பார்த்துத்தான் வண்டியை மெதுவாக்குவான். நிஜத்தில் ஓரடி அகலம், என் மாடலின் அளவுப்படி எண்பத்தேழால் வகுத்தால் மூன்றரை மில்லிமீட்டர். பாசிமணி, குண்டூசித் தலை, ஹோமியோபதி மாத்திரை என்று எதையெல்லாமோ வைத்துப் பார்த்து, கடைசியில் செண்பகம் பாயசத்துக்கு வைத்திருந்த டப்பாவில் கிடைத்தது. ஒரு பிடி எடுத்ததில் சரியான உருண்டையாகத் தேறியவை ஏழு. "வீட்டுல இருக்கிற அரிசி பருப்பையெல்லாம் அந்த மேசையில ஒட்டி முடிச்சிட்டு, கடைசியா என்னையும் ஒட்டிருங்க" என்றாள். செண்பகம் என் மனைவி, முப்பத்தாறு வருஷமாக நான் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு வரி தயாராக வைத்திருப்பாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் வரி இல்லை, ஏனென்றால் இந்த ஒன்றை நான் அவளிடம் சொன்னதில்லை. விழுந்த ஜவ்வரிசி எங்கே போனது, தண்டவாளத்துக்கு நடுவில் கிடக்கிறது, இரண்டாவது படுக்கையறை முழுக்க இந்த மேசைதான், எட்டடிக்கு நாலடி பிளைவுட், அதன்மேல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இருந்தபடி விருதுநகர் ஸ்டேஷன், மீட்டர்கேஜ் தண்டவாளம், கூட்ஸ் ஷெட், அதை ஒட்டி ரோடு, ரோட்டோரம் எங்கள் அப்பா நடத்திய பெட்ரோல் பங்க். பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருஷம் படம் வரைந்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வரும், ஸ்கேலும் பிளேடும்தான். எனக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாது. அதுவே வினையாகப் போயிற்று.

போன மாதம் பங்க் பாதி முடிந்திருந்தபோது நாலைந்து போட்டோ எடுத்து, ரயில் மாடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அற்ப சந்தோஷம், கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன. அது எங்கெங்கோ சுற்றி மதுரை ஸ்டேஷன் ஊழியர்களின் குழுவுக்குப் போயிருக்கிறது. புதன்கிழமை போன். "சார், என் பேரு தங்கமாரி. டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கேன். நீங்க செஞ்சிருக்கிற பங்க்குலதான் சார் எங்கப்பா வேல பாத்தாரு. வீரபத்திரன்." லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள். "அப்பாவுக்கு எழுவத்தேழு ஆகுது, விருதுநகர்ல என் தம்பி வீட்ல இருக்காரு, நடமாட்டம் கொறஞ்சு போச்சு. நேர்ல வந்து நாலு போட்டோ எடுத்துக்கிட்டா அவருக்குக் காட்டுவேன். சின்ன முதலாளின்னு ஒங்களப் பத்திச் சொல்லியிருக்காரு." தாராளமா வாங்கம்மா என்றேன். என் வாய்க்கு மூளையைக் கேட்டுப் பேசுகிற பழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம், ஆனால் கோபம் இல்லை, ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது. அவளுக்கு அப்போது நாலு வயசு இருந்திருக்கும். சாயங்காலம் அப்பாவுக்குத் தூக்குச்சட்டி கொண்டுவருகிற அம்மாவின் இடுப்பில் மூக்கொழுக ஒரு குழந்தை, அது இவளாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று பதினெட்டு. நடந்தது இதுதான், ஒழுங்காக வரிசையாக நினைத்துப் பார்த்தால் இதுதான். எழுபத்தொன்பது மே மாதம், மத்தியானம் மூன்று மணிவாக்கில், பங்க்கில் தீப்பிடித்தது. ஒரு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போது. ஸ்கூட்டர்காரர் ஜவுளிக்கடை குமாஸ்தா, முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று, பிழைத்துக்கொண்டார். வீரபத்திரன் எரிகிற ஸ்கூட்டரை வெறும் கையால் ரோட்டுக்கு இழுத்துப் போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினார், இல்லாவிட்டால் தரைக்கடியில் டேங்க், பக்கத்தில் கூட்ஸ் ஷெட், பாதி ஊர் போயிருக்கும். அவருடைய இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து தொங்கியது. அந்தக் கையோடு அவரைத்தான் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, ஏனென்றால் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று அவர் பீடி பற்றவைத்தார், பற்றவைத்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயசு, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், முதலாளி மகன், பெயர் ரத்தினவேல். நான்தான். கோர்ட்டில் நன்றாகச் சொன்னேன், மாஜிஸ்திரேட்டே தலையை ஆட்டினார். எங்கே இருந்தாய், ஆபீஸ் ரூம் வாசலில் நாற்காலியில். எவ்வளவு தூரம், நாற்பதடி. என்ன பார்த்தாய், குழாயை வண்டிக்குள் செருகிவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றார், பீடி உதட்டில் இருந்தது, காற்றுக்குக் கையைக் குவித்துத் தீக்குச்சி கிழித்தார். மூன்று மாதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் போய்விடும், அதற்குப் பிறகு வந்ததுதான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் வேலை என்றால் என்ன, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி, பஞ்சு மில், எண்ணெய் மில், எல்லாமே நெருப்பு என்ற பேச்சுக்கே பயப்படுகிற இடங்கள். பெட்ரோல் பங்க்கில் பீடி பற்றவைத்தவனை எவன் உள்ளே விடுவான். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஊருக்குள் பீடி வீரபத்திரன் என்று பெயராயிற்று. வெந்து சுருங்கிய கையோடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார் என்று எங்கள் அம்மா ஒருதரம் சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் சாப்பாட்டைப் பார்த்தேன்.

ஆனால் பார்த்தேனே. அதுதான் விஷயம். நான் சும்மா சொல்லவில்லை, என் கண்ணுக்குள் அது இருக்கிறது, நாற்பத்தைந்து வருஷமாக இருக்கிறது, குவிந்த கை, கைக்குள் சின்னதாகத் தீக்குச்சியின் வெளிச்சம், அவர் கண்ணைச் சுருக்கியது, காக்கிச் சட்டையின் மேல் பட்டன் இல்லாதது, எல்லாம். கண்ணை மூடினால் இப்போதும் வருகிறது. பார்க்காததற்கு இப்படிப் பட்டன் எல்லாம் வருமா. இன்று காலை பத்து மணி வரைக்கும் இதைக் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. பத்து மணிக்கு ஆட்களை வைத்தேன். ஆட்கள் என்றால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராத பிளாஸ்டிக் பொம்மைகள், காக்கி பூசிய ஒன்றைப் பம்ப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினேன், உட்கார்ந்திருக்கிற ஒன்றை ஆபீஸ் ரூம் வாசலில் நாற்காலியோடு ஒட்டினேன், நீலச் சட்டை, அது நான். பிறகு நாங்கள் எல்லோரும் செய்கிறதைச் செய்தேன். கட்டி முடித்ததும் கன்னத்தை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொம்மை இருக்கிற இடத்திலிருந்து பொம்மையின் உயரத்தில் பார்ப்போம், மேலேயிருந்து பார்க்கிறவரைக்கும் அது மேசை, கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான் ஊர். நீலச் சட்டைக்குப் பின்னால் என் கண்ணைக் கொண்டுபோய் வைத்தேன். சுவர் தெரிந்தது. காத்து ரூமின் சுவர். டயருக்குக் காற்றடிக்கிற மிஷின் வைத்திருந்த சின்ன அறை, பங்க்கில் எல்லோரும் காத்து ரூம் என்போம், பன்னிரண்டடி நீளச் சுவர், ஒன்பதடி உயரம், என் அட்டையில் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூன்று சென்டிமீட்டர் உயரம். பம்ப் தெரியவில்லை. காக்கிச் சட்டை தெரியவில்லை. வெள்ளைச் சுவர், அதற்குமேல் என் வீட்டு ஜன்னல் திரை.

முதலில் சிரித்தேன். ஏனென்றால் காரணம் உடனே கிடைத்துவிட்டது. இடம் போதாதபோது தூரத்தைச் சுருக்குவது இந்த வேலையில் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லு, ஒரு மைல் தண்டவாளத்தை ஆறடியில் அடக்குகிறவன் வேறென்ன செய்வான். வாசலிலிருந்து பம்ப்புக்கு நாற்பதடி, முறைப்படி பதினான்கு சென்டிமீட்டர் வர வேண்டும், மேசை விளிம்பு இடித்ததால் நான் பதினொன்றுதான் வைத்திருந்தேன். அதனால் மறைக்கிறது, அவ்வளவுதான், சுருக்கியதால் மறைக்கிறது, இதற்குப் போய் என்று பம்ப்பைப் பெயர்த்தெடுத்துப் பதினான்கில் நிறுத்தி, செண்பகத்தின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, ஒரு நுனியை நீலச் சட்டைக்காரன் முகத்தில் பிடித்து மறு நுனியைப் பம்ப்புக்கு இழுத்தேன். நூல் சுவரில் முட்டியது. பதினாறில் வைத்தேன், முட்டியது. மேசைக்கு வெளியே புத்தகம் அடுக்கி இருபதில் வைத்தேன், முட்டியது. நாற்காலியைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினால், தள்ளினேன், நாற்காலி ரோட்டுக்கு வந்தது, ரோட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று நான் சொல்லவில்லையே. அளவு தப்பாக இருக்குமோ, இருக்காது, அப்பா பங்க்கை விற்றபோது பத்திரத்தோடு வைத்த வரைபடத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, என் மேசை அந்தத் தாளிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு மணிக்குச் செண்பகம் சாப்பிடக் கூப்பிட்டாள், நான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "காத்தாடி விடப் போறீகளா?" என்றாள். மோர்ச்சோறு இறங்கவில்லை.

மூன்று இருபத்தேழு. பிளேடு கையில் இருக்கிறது. ஜவ்வரிசியை விட்டுவிட்டேன், விளக்கில்லாத பம்ப்பாகவே இருக்கட்டும், ஒரு பம்ப்பில் விளக்கு இருந்தது, ஒன்றில் உடைந்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சுவரை எடுத்துவிட்டால் போதும். அட்டைச் சுவர், அடியில் ஒரு கோடு பசை, பிளேடை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும், தடத்தில் கொஞ்சம் மணல் தூவினால் அங்கே அறை இருந்ததே தெரியாது. இடம் போதாமல் கட்டடங்களை விட்டுவிடுவதும் எல்லோரும் செய்கிறதுதான், ஸ்டேஷன் கக்கூஸை நான் வைக்கவில்லை, யாராவது கேட்டார்களா. வீரபத்திரன் போட்டோவைப் பார்ப்பார். எழுபத்தேழு வயசில் கண் எப்படி இருக்குமோ, ஆனால் பார்ப்பார், அந்த இடத்தில் ஒன்பது வருஷம் நின்றவர், ஆபீஸ் ரூம் வாசலில் நீலச் சட்டை, நடுவில் சுவர், அந்தப் பக்கம் அவர். ஒரு படம் போதும் அவருக்கு. அவருக்கு இது புதிதாகவா தெரிய வேண்டும், பற்றவைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனால் பையன் எதையோ பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று நினைத்திருக்கலாம், நிழலை, கையை, எதையாவது. கோர்ட்டில் அவர் அப்படித்தான் என்னைப் பார்த்தார், நான் சொல்லச் சொல்ல, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், நான் எதைப் பார்த்திருப்பேன் என்று யோசிக்கிறவராக. அவருடைய வக்கீல் ஒருதரம்கூட இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. போய் அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். "என்னங்க, அந்தப் பிள்ளைக்கு வாழக்கா பஜ்ஜியா, உளுந்த வடையா?" என்று அடுக்களையிலிருந்து சத்தம். ஏதாவது போடு. "ஏதாவதுன்னா? ரெண்டும் போட நான் என்ன கல்யாண வீடா நடத்துறேன்?" பஜ்ஜி, பஜ்ஜி போடு. பிளேடு நுனி பசைக்கோட்டுக்குள் போய்விட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

இரு. காத்து ரூம் அப்போது இருந்ததா. அதை யோசிக்கவில்லையே. தீப்பிடித்ததற்குப் பிறகு கட்டியிருந்தால், அப்பா எண்பதில் ரோட்டுப்பக்கம் புதுசாகத் தகரக் கொட்டகை போட்டார், அப்போதுதான் காத்து ரூமும் வந்ததோ என்னவோ, அப்படி என்றால் சுவரே இல்லை, நான் பார்த்தது பார்த்ததுதான், பட்டன், தீக்குச்சி, எல்லாம் நிஜம். வரைபடம் எண்பத்திரண்டு தேதியிட்டது. ஆமாம், எண்பத்திரண்டு. மூச்சு வருகிறது. அப்படியானால் சுவரை எடுப்பது மறைப்பது ஆகாது, எழுபத்தொன்பதுக்குச் சரியாக்குவது, ஒரு மாடல்காரன் கட்டாயம் செய்ய வேண்டியது. பிளேடை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறேன். சுவர் லேசாகச் சாய்கிறது, சாயும்போது அதன் மறுபக்கம் என் பக்கம் திரும்புகிறது, பம்ப்பைப் பார்த்த பக்கம். கறுப்பாக இருக்கிறது. நான்தான் பூசினேன். போன வாரம் கட்டடங்களுக்கெல்லாம் அழுக்கேற்றினேன், புதுக் கட்டடம் பொம்மை வீடு மாதிரி இருக்கும், அதனால் கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்து, பழைய பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு, கூரை விளிம்பு, ஜன்னலடி, எஞ்சின் புகை படுகிற இடமெல்லாம் லேசாகத் தேய்த்தேன். இந்தச் சுவரில் மட்டும் லேசாக இல்லை. கீழே அடர்த்தியாக, மேலே போகப்போக விரிந்து, வலது ஓரத்தில் கூரை வரைக்கும். ஒரு பக்கத்தில் மட்டும். ஆபீஸ் பார்த்த பக்கத்தில் ஒரு துளி இல்லை, வெள்ளையாக விட்டிருக்கிறேன். ஏன் அப்படிப் பூசினேன், யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை, ரேடியோவில் ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்குப் பூசியது. அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கைதான் தீப்பிடித்த நாலாம் நாள் சுண்ணாம்பு வாளியும் பனைமட்டை பிரஷ்ஷுமாக அந்தச் சுவரின் முன்னால் நின்றது, ஆள் கூப்பிட்டால் வெளியே பேச்சாகும் என்று அப்பா என்னையே அடிக்கச் சொன்னார், கரி போகவில்லை, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, மூன்று கோட் அடித்தேன், முழங்கை வரை சுண்ணாம்பில் வெந்தது. இந்தப் பக்கம் அடிக்க வேண்டாமா என்றேன். அப்பா ஆபீஸ் பக்கம் வந்து பார்த்தார், அங்கே சிவப்பு எழுத்தில் புகை பிடிக்காதீர் என்று எழுதியிருந்தது, எழுத்துக்கூட மங்கவில்லை. "இந்தப் பக்கந்தான் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

இந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. சுவர் அப்போதே இருந்திருக்கிறது, நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். மூன்று நாற்பது. உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், கேள், கேட்டுத் தொலை, அப்பா மதுரைக்குப் போயிருந்தார், பங்க்கைப் பாத்துக்கடா, கண்ண அங்க இங்க விட்டே தோலை உரிச்சிருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், மே மாதத்து வெயில், மேலே காற்றாடி, வயிறு நிறையக் கறிச்சோறு, நாற்காலியை ஆபீஸ் சுவரோடு சாய்த்து, காலை ஸ்டூலில் போட்டு. தூங்கினேன். தூங்கினேன் தூங்கினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன், பொப்பென்று ஒரு சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன், எழுந்தபோது முகத்தில் எச்சில் இருந்தது, சுவருக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது, ஓடிப்போய்ப் பார்க்கும்போது வீரபத்திரன் ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். எச்சில்கூட ஞாபகம் வருகிறது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த எச்சில். சாயங்காலம் அப்பா வந்தார், பெல்ட்டைக் கழற்றவில்லை, கழற்றுகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "நீ எங்கடா இருந்தே? தூங்கிட்டியா?" இல்லப்பா, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். "பாத்துக்கிட்டு இருந்தியா? அப்ப எப்படிப் பத்துச்சு?" நான் அவர் பெல்ட்டையே பார்த்தேன். "அவன் பீடி கீடி பத்தவச்சானா?" அப்பா கேட்ட கேள்விதான், பாவம், அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. தலையை ஆட்டினேன். ஒரு தலையாட்டல். ஒரு அடி வாங்கியிருந்தால் போயிருக்கும், இரண்டு நாள் முதுகு எரிந்திருக்கும். மறுநாள் போலீஸ்காரர் கேட்டபோது தீப்பெட்டி வந்தது, அதற்கு மறுவாரம் வக்கீல் சொல்லிக்கொடுத்தபோது குவிந்த கை வந்தது, கோர்ட்டில் பட்டன் தானாகவே வந்தது. எது பற்றவைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிந்திய பெட்ரோலும் சூடான எஞ்சினுமோ என்னவோ. வீரபத்திரன் வெற்றிலை போடுவார். அவர் பீடி குடித்து நான் பார்த்ததே இல்லை, ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட.

சுவர் சாய்ந்தபடி நிற்கிறது, பாதிப் பசையில். ஒரு விரல் போதும். எடுத்துவிடு. அறுபத்துநாலு வயசு, பேரன் பேத்தி, செண்பகம் பஜ்ஜி போடுகிறாள், பக்கத்து வீட்டில் என்னைப் பெரியவர் என்கிறார்கள், அவரும் எழுபத்தேழு வந்துவிட்டார், இனி என்ன ஆகப்போகிறது, யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தொன்பது வயசில் இருந்த அதே பயம், பெல்ட்டில் கை வைத்துக்கொண்டு யாரும் முன்னால் இல்லை, ஆனாலும் பயம். காலிங் பெல் அடித்துவிட்டது. மூன்று ஐம்பது. டிக்கெட் கவுன்ட்டர்க்காரி பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டாள். "வாம்மா வாம்மா, அவுக உள்ளதான் இருக்காக, காலையில இருந்து அந்த ரூம விட்டு வெளிய வரல, நீயாவது பேசி வெளிய கூட்டிட்டு வா" என்று செண்பகத்தின் குரல் கூடத்தில் வருகிறது. பிளேடை மேசையில் வைத்தேன். சுவரை எடுக்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை.

கூந்தலில் பாதி நரை, மாம்பழ நிறச் சேலை, தோளில் கைப்பை. அறைக்குள் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள், வீரபத்திரனின் நெற்றி, வீரபத்திரனின் கண். மேசையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ சார், இம்புட்டுத் தத்ரூபமா இருக்கு! ஸ்டேஷன் அப்படியே இருக்கு. அந்த வேப்ப மரம் கூட." போன் எடுத்துப் படம் எடுத்தாள், மேலேயிருந்து, பக்கத்திலிருந்து, திரும்பவும் மேலேயிருந்து. காக்கிச் சட்டையைச் சுண்டுவிரலால் தொடாமல் தொட்டுக் காட்டினாள். "இது அப்பாவா சார்?" ஆமாம்மா. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடித்தேன். "ஒண்ணு சொல்லவா சார், தப்பா எடுத்துக்காதீக" என்றாள். "எனக்கு இந்த எடத்து மேல சின்ன வயசுல அம்புட்டுக் கோவம். பள்ளிக்கூடத்துல பீடிக்காரன் மகள்னுதான் கூப்பிடுவாக. எங்கம்மா சாகுற வரைக்கும் அப்பாட்டச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்துச்சு, ஒரு பீடிக்காகக் குடும்பத்தத் தெருவுல விட்டியேன்னு. அப்பா மொதல்ல எல்லாம் நான் குடிக்கலன்னு சொல்லுவாரு. அப்பறம் சொல்றதையும் விட்டுட்டாரு. தம்பி கூட ஒருக்கக் கேட்டுட்டான், சும்மா சொல்லுங்கப்பா, இனிமே என்ன இருக்குன்னு. ரெண்டு நாள் சாப்பிடல மனுசன்." சிரிக்கப் பார்த்தாள். "வயசாயிருச்சு, நாங்களும் விட்டுட்டோம். மன்னிச்சாச்சு அவர."

மன்னிச்சாச்சு. அந்த வார்த்தை வந்து என் மேல் விழுந்தது. ஜெயில் தெரியும், மூட்டை தெரியும், கை தெரியும், இது தெரியாது. சோறு போட்டவள் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டியிருக்கிறாள், பெற்ற பிள்ளைகள் அவர் செய்யாததற்கு அவரை மன்னித்திருக்கிறார்கள். என் வாய் திறந்தது, மூளையைக் கேட்காமல்தான் திறந்தது, அதற்காக முதல்முறையாக அதற்கு நன்றி சொல்ல வேண்டும். "அம்மா, ஒங்கப்பா பீடி பத்தவைக்கல" என்றேன். அவள் நிமிர்ந்தாள். "நான் பாக்கல. இந்தச் சுவர் நடுவுல இருந்துச்சு. நான் இங்க ஒக்காந்து தூங்கிக்கிட்டிருந்தேன். எங்கப்பாவுக்குப் பயந்து பாத்தேன்னு சொல்லிட்டேன். கோர்ட்லயும் சொல்லிட்டேன்." சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, காது இரண்டும் அடைத்துக்கொண்டது. தங்கமாரி என்னைத் திட்டவில்லை. குனிந்து நீலச் சட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள், கவுன்ட்டரில் டிக்கெட்டின் தேதியைச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு போனில் ஒரு நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன சார். அவருட்டச் சொல்லுங்க. காது மந்தம், சத்தமாச் சொல்லணும்."

மணி அடித்தது, நாலு தடவை, அஞ்சு தடவை. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். "யாரு?" என்றது ஒரு கரகரத்த குரல். "நான் ரத்தினவேல். பங்க் ஓனர் மகன்." "சின்ன முதலாளியா! நல்லாருக்கீகளா தம்பி? மக வந்துச்சா?" நல்லாருக்கீகளா தம்பி என்கிறார். போனைக் கீழே வைத்துவிடலாம் என்று இருந்தது. "அன்னிக்கு நீங்க பீடி பத்தவைக்கல" என்றேன். "நான் பாக்கல. பொய் சொன்னேன்." ஹலோ என்றேன். "கேக்கலையே தம்பி" என்றார். குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னேன். பஜ்ஜித் தட்டோடு செண்பகம் வாசலில் வந்து நின்றாள், என்ன ஏது என்று தெரியாமல் என் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். "இன்னும் சத்தமா" என்றது போன். இனி மறைக்க என்ன இருக்கிறது, மூச்சை இழுத்துக் கத்தினேன், ஜன்னல் திறந்திருந்தது, கீழே கார் கழுவுகிறவன் அண்ணாந்து பார்த்தான். "நீங்க பீடி பத்தவைக்கல! நான் தூங்கிட்டேன்! பாத்தேன்னு பொய் சொன்னேன்! நான்தான் பொய் சொன்னேன்!" செண்பகம் தட்டைத் தரையில் வைத்தாள், அல்லது அது கையிலிருந்து இறங்கியது. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு வயசான மனுஷனின் மூச்சு, இழுத்து இழுத்து, வெகுநேரம்.

"மொதத் தடவ சொன்னப்பவே கேட்டுச்சு, சின்ன முதலாளி" என்றார். "இருங்க, மகன், மருமக, பேரப்பிள்ளைக எல்லாரையும் கூப்பிடுறேன். இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.